முதுகைப் பார்க்க ஓர் ஆள்

உடம்பில் தெறித்த தார் சோப்புக்குப் போகவில்லை என்றால் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்க வேண்டும். மழை ஒழுகாமல் மொட்டை மாடிகளுக்குத் தார் ஷீட் ஒட்டுகிறவர்கள் யாரும் இதை எழுதிவைத்துப் படித்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அன்று ஏணியும் அதைத்தான் செய்தான். ஏணி என்றால் சுவரில் சாத்துகிற ஏணி இல்லை. அந்த வேலையை எடுத்துச் செய்கிற தார்க்காரரோடு பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்கிற ஆள், ஐம்பதைத் தாண்டியவன். அவன் உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர், பெற்றவர்கள் வைத்த பெயரைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது.

நான்கு மாடிக் கட்டடம். கடைசிச் சுருளையும் விரித்து, காஸ் தீயால் சூடு காட்டி ஒட்டி முடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் ஒதுங்கியிருந்தார்கள். தார்க்காரர் வழக்கம்போல வெற்று உடம்போடு இருந்தார். முப்பத்தைந்து வருஷமாக அவர் முதுகுக்கு வெயில்தான் சட்டை.

"அண்ணே, முதுகுல ஒரு சொட்டு ஒட்டிட்டிருக்கு. திரும்புங்க," என்றான் ஏணி.

தேய்த்தான். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

"டேய், தோலை உரிச்சுத் தொங்கவிடப் போறியா?"

ஏணி குனிந்து, மூக்கு முதுகில் படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டான். "அண்ணே, இது தார் இல்ல. இது உங்களோடது."

"என்னோடதுன்னா?"

"தோலுலயே இருக்கு. எங்க சின்ன மாமாவுக்கு இப்படித்தான் கறுப்பா ஒண்ணு வந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க. அந்த மனுஷன் காட்டவே இல்ல. போய்ச் சேந்துட்டாரு."

"அதனாலயா?"

"லாரி மோதி. ஆனா காட்டியிருக்கலாம்ல?"

இப்படிப்பட்ட நியாயத்துக்கு என்ன பதில் சொல்வது. ஆனாலும் ஒரு பயம் உள்ளே புகுந்துவிட்டால் அது வாடகை கொடுக்காமல் தங்கிவிடும். மறுநாள் சனிக்கிழமை காலை தார்க்காரர் தோல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். சட்டையைக் கழற்றச் சொன்னார். "அந்த ஒண்ணை மட்டும் பாத்தா போதாதுங்க, முழுசா பாக்கணும்," என்றார். சொன்னபடியே பார்த்தார். தலைமுடியை விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், உள்ளங்காலில், நகத்துக்கடியில் என்று ஓர் இடம் விடவில்லை. பிறகு காகிதம் விரித்த கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லி, சின்ன விளக்கு வைத்த லென்ஸை முதுகில் ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டு வந்தார். கையுறை போட்ட விரல்கள் தோளில், விலாவில், இடுப்பில் மெல்லத் தொட்டுத் தொட்டு நகர்ந்தன.

அப்போதுதான் அந்த வெட்கக்கேடு நடந்தது. தார்க்காரருக்கு அழுகை மாதிரி ஏதோ வந்தது. நோய் பயம் இல்லை அது. நாலு வருஷத்தில் முடி வெட்டுகிறவரைத் தவிர வேறு யார் கையும் அவர் மேல் இப்படி மெல்லப் பட்டதில்லை என்பது, ரப்பர் உறைக்குள் இருந்த ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் விரல் பட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. முகத்தைக் காகிதத்தில் நன்றாக அமுக்கிக்கொண்டார்.

"என்னங்க இது, அங்கங்க கறுப்புப் புள்ளி?" டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். "இது தாரு. இதுவும் தாரு. இதுவும்." ஆறு இடத்தில் துடைத்தார். ஏழாவதில் கை நின்றது. இடது தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே. லென்ஸை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"தெரியாதுங்க. முதுகுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"வளந்திருக்கா? நிறம் மாறியிருக்கா?"

"ஏணிக்குத்தான் நேத்து தெரிஞ்சுது."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்கவும் இல்லை. "வீட்டுல உங்க முதுகை யார் பாப்பாங்க?"

"சம்சாரம்," என்று வாயில் வந்துவிட்டது. யோசித்திருந்தால் வந்திருக்காது.

"நல்லதா போச்சு. அவங்களைக் கேளுங்க. ரொம்ப காலமா இப்படியே இருக்கற மச்சம்னா படம் எடுத்து வச்சுக்கிட்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் பாத்தா போதும். புதுசுன்னா, மாறியிருந்தா, வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பாத்தா ரெண்டுங்கெட்டானா இருக்கு. வெயில்ல நிக்கற தொழில் வேற. தோல் புற்றுநோயா இருந்துடக் கூடாது. வெள்ளிக்கிழமைதான் இங்க வெட்டறது. கேட்டுட்டு வாங்க. முடிஞ்சா அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வரேன்," என்றார் தார்க்காரர். பொய்க்குக் கால் முளைத்துவிட்டது.

அவருடைய சம்சாரம், ஊரெல்லாம் டெய்லரம்மா என்று கூப்பிடுகிறவள், ஓர் இரவு பஸ் பயணத் தூரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது மூன்று மாசம் என்று போனவள். பிள்ளைகள் தவழட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், மகள் வேலைக்குப் போகத் தொடங்கட்டும் என்றார்கள். அந்த மூன்று மாசம் நாலு வருஷமாக நீண்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் கூப்பிடுவாள். பேரன்கள் கத்துவார்கள். கடைசியில் ஃபோன் கை மாறும். "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன்." "சரி." நாலு வருஷத்தில் இருநூறு ஞாயிற்றுக்கிழமை. இருநூறு முறையும் இருவரும் சாப்பிட்டிருந்தார்கள். முடிக்கும்முன் மகள் கேட்பாள்: "அம்மாவை அனுப்பி வைக்கவாப்பா?" அவர் சொல்வார்: "அம்மா இஷ்டம்மா." இதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்ற மகளிடம் போய், அறுபது வயசில், எனக்கு என் பெண்டாட்டி வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? ஆசை இருந்தது. வாய்தான் இல்லை.

ஆசை எது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவள் பழைய துணியில் எண்ணெய் தொட்டு முதுகில் ஒட்டிய தாரை எடுப்பாள். அவசரமே இருக்காது. தைக்க வந்தவர்களின் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே எடுப்பாள். இருபத்தாறு வருஷம் நடந்தது. அவள் போன பிறகு தார் முதுகிலேயே கிடந்து, தானாக உதிர்கிறபோது உதிர்ந்தது.

அன்று சாயங்காலம் அவர் பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, ஃபோனைத் தோளுக்கு மேலே பிடித்துக் கண்ணாடியைப் படம் எடுத்தார். முதல் படத்தில் மின்விசிறி விழுந்தது. இரண்டாவதில் காது. மூன்றிலும் நாலிலும் எது விழுந்தது என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. ஏணியைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஏணிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். ஏழாவது படத்தில் பாதி முதுகும் அந்தக் கறுப்பும் விழுந்தன. அதை அவளுக்கு அனுப்பினார். மகளுக்கு இல்லை, நேராக அவளுக்கே. 'இது முன்னாடி இருந்ததா? டாக்டர் கேக்கறாங்க' என்று கீழே எழுதினார்.

ஒரு நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

"டாக்டர் எதுக்குக் கேக்கறாங்க?"

அவர் மென்று விழுங்கிச் சொன்னார். புற்றுநோய் என்ற வார்த்தையைத் தாண்டிப் போகப் பார்த்தார், அவள் விடவில்லை. 

"உங்களுக்கு ஒரே ஒரு மச்சம்தான், இடது பக்கம்," என்றாள் எல்லாம் கேட்டுவிட்டு. "எனக்குத் தெரியாத முதுகா அது? இது வலது பக்கம்ல இருக்கு. வலது பக்கம் ஒண்ணுமே இருந்ததில்ல. இது புதுசு. எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நான் வரேன்."

மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, அந்த இரண்டு வார்த்தை விழுந்தது. புதுசு என்றால் என்ன அர்த்தம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் அன்று அவர் படுத்ததும் தூங்கிவிட்டார்.

காலையில் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் சுவர்க் காலண்டர் தெரிந்தது. அதில் தேதிகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. முதலில் ஃபோன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தார். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். ஏணி தேய்த்த எரிச்சல் இன்னும் இருந்தது. இடது பக்கம்தான் இருந்தது. கண்ணாடியைப் படம் எடுத்ததால் இடம் வலமாகியிருக்கிறது. அவள் சொன்ன பழைய மச்சமும் இந்தக் கறுப்பும் ஒன்றேதான். புதுசாக ஒன்றும் முளைக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பழசு என்றால் அவள் எதற்கு வர வேண்டும்?

நல்ல மனுஷன்தான். அதனால் ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள்.

"என்னங்க, வலிக்குதா?"

அந்தக் குரல் அவரைக் கவிழ்த்தது. அதில் பதற்றம் இருந்தது. அந்தப் பதற்றம் முழுக்க அவருக்கானது. 'சாப்டீங்களா'வில் இல்லாத ஒன்று அதில் இருந்தது.

"வலியெல்லாம் இல்ல," என்றார். "பஸ்ல ஜன்னல் சீட்டா போட்டாங்களான்னு கேக்கத்தான்."

"பொண்ணு போட்டுட்டா. ஜன்னல்தான்."

"சரி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அப்புறம் ஐந்து நாளும் அவர் வீட்டைச் சுத்தம் செய்தார். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் நாலு வருஷத்துப் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது. அதை எடைக்குப் போட்டார். அவள் தலையணைக்குப் புது உறை வாங்கினார். அடுப்படியில் கையை விட்டால் ஒட்டுகிற அலமாரியை மூன்று தரம் கழுவினார். மாடியில் வேலை செய்கிறபோது அவரையறியாமல் ஏதோ ராகம் வாயில் வந்தது. வெள்ளிக்கிழமை வேலை இல்லை என்று சொன்னபோதே ஏணி டாக்டர் விஷயத்தைப் பிடுங்கியிருந்தான்.

"டாக்டர் சந்தேகப்படறது பெரிய வியாதி," என்றான் ஏணி. "நீங்க கல்யாண மாப்பிள்ளை மாதிரி பாடறீங்க. எனக்கு உங்களைப் பாத்தாதாண்ணே பயமா இருக்கு."

புதன்கிழமை மகள் கூப்பிட்டாள். "அம்மா சரியா சாப்பிடறதே இல்லப்பா. மெஷின்ல உக்காந்தா உக்காந்தபடியே இருக்காங்க. நீங்க தைரியமா இருங்கப்பா." தைரியமா இருங்க என்று அவள் சொன்னதும் அவருக்குக் கூசியது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். "நான் நல்லாத்தாம்மா இருக்கேன்," என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். களவும் செய்துவிட்டுக் கணக்கும் சரி என்கிற ஆசாமிகள் இப்படித்தான் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்றார். அவள் இறங்கினாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. புதிதாக மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். கைப்பையை வாங்கிக்கொண்டபோது விரல் பட்டது. இருவரும் விரலை இழுத்துக்கொண்டார்கள், புதுப் பெண் மாப்பிள்ளை மாதிரி.

"இளைச்சுட்டீங்க."

"நீயும்தான்."

"முதல்ல காட்டுங்க, பாக்கறேன்."

"இங்கயா? நடு ரோட்டுலயா? டாக்டர்கிட்ட போய்க் காட்டறேன்." ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கிவைத்திருந்தார். வீட்டுக்குப் போய்விட்டு வர நேரம் இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டே வாங்கியது. எத்தனை நேரத்துக்கு இந்தத் திட்டம் தாங்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

"நீங்கதான் முதுகு பாக்கறவங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான்தான்," என்றாள் அவள்.

தார்க்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். முகத்துக்கு அடியில் காகிதம். பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அவள் செருப்புச் சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரல் பட்டது. உறை போடாத விரல். ஊசி குத்திக் குத்திக் காய்த்த நுனி. நாலு வருஷமாக அவர் எதற்கு ஏங்கினாரோ அது வந்துவிட்டது. ஆனால் அதை அனுபவிக்க முடியாமல் உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டது.

விரல் அங்கேயே நின்றது. அப்புறம் வலது பக்கம் போனது, தடவித் தேடியது, மறுபடி இடது பக்கத்துக்கே வந்தது.

"சொல்லுங்கம்மா, இது புதுசா?" என்றார் டாக்டரம்மா.

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் பத்து விநாடி இருக்கும். தார்க்காரருக்கு அது ஒரு மாடிக்கு ஷீட் ஒட்டுகிற நேரம்.

"இல்ல டாக்டர்," என்றாள். "பழசு. நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இருக்கு."

"அப்படியா? அப்ப நல்லது. வெட்ட வேண்டியதில்ல, படம் மட்டும் எடுத்து..."

"இருங்க டாக்டர்." அவள் குரல் மாறியது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறாள் என்று வளையல் சத்தத்தில் தெரிந்தது. "நான் டெய்லர். கண்ணு அளவு தப்பாது. இது சட்டைக் காலர்ல வைக்கற சின்னப் பொத்தான் அளவு இருந்துச்சு. அப்படியே வட்டமா இருக்கும், ஒரே நிறம். இருபத்தாறு வருஷம் தினம் பாத்திருக்கேன். இப்ப கோட்டுக் கையில வைக்கற பொத்தான் அளவு வருது. கீழ் ஓரம் பிசிறடிச்சிருக்கு பாருங்க. நடுவுல இந்தச் சாம்பல் நிறம் இருந்ததே இல்ல."

டாக்டரம்மா லென்ஸை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். "வெட்டிடலாம்," என்றார். "நீங்க நேர்ல வந்தது நல்லதுங்கம்மா. ஃபோன்ல பழசுன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா நான் இவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

மரத்துப்போக ஊசி போட்டார்கள். தோலை இழுக்கிறார்கள் என்பது தெரிந்தது, வலிக்கவில்லை. அவள் வெளியே போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசவில்லை. நாலு தையல் போட வேண்டும் என்றபோது, "நெருக்கமா போடுங்க டாக்டர், இந்த ஆளு சும்மா இருக்க மாட்டார்," என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"முழுசா எடுத்துட்டேன்," என்றார் டாக்டரம்மா. "ரொம்ப ஆழமா போகல. பயப்படாதீங்க, ஆனா ரிப்போர்ட் வராம நான் எதையும் சொல்ல மாட்டேன்."

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

இன்னொரு பொய் தயாராக இல்லை. "மறுநாள் காலைல."

"ஜன்னல் சீட்டு கேட்டீங்களே, அப்பவா?"

"ம்."

"கண்ணாடியைப் படம் எடுத்தீங்களா?"

"ஆமா. எடுக்க ஆள் இல்ல."

"அஞ்சு நாளு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலை. "அஞ்சு நாளா எனக்கு ஊசியில நூல் கோக்க வரல.  பசங்க முன்னாடி அழக் கூடாதுன்னு குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டுக்கிட்டு அழுதேன். நீங்க இங்க ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கிட்டு வீட்டைக் கூட்டிட்டு இருந்தீங்களா?"

"வீட்டைக் கூட்டினது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏணி ஃபோன் பண்ணாரு. 'அண்ணன் ஒரு மாதிரியா இருக்காரு, பாடறாரு, வீட்டைக் கழுவறாரு, மூளைக்கு ஏறிடுச்சான்னு தெரியல'ன்னு."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். தார்க்காரர் தரையைப் பார்த்தார். "சொன்னா நீ வர மாட்டியோன்னுதான்."

"வான்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தீங்களா? வரலன்னா அப்புறம் பொய் சொல்லியிருக்கலாம்."

 அந்த நேரம் பார்த்து கவுண்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். "ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும் சார். அவசரம்னா நாலு நாள்ல வாங்கித் தரலாம். எப்படிப் போடட்டும்?"

"பத்து போதும்மா," என்றார் தார்க்காரர். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார். பத்து நாள் அவள் இருப்பாள். உள்ளே இருப்பது புற்றுநோயா இல்லையா என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தால் போதும் என்று தோன்றிய ஒரே மனுஷன் இந்த உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "நாலு நாள்னு போடும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

நாலு நாள். அவ்வளவுதான். தார்க்காரர் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். படியில் இறங்குகிறபோது மரப்பு விட்டுப்போய் வலி ஆரம்பித்தது.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றார்கள். "சீக்கிரம் போகணுமா உனக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்னதான் புத்தி? அந்த ரிப்போர்ட்டுக்கு நான் பத்து நாள் பயந்துக்கிட்டு கிடக்கணுமா? அஞ்சு நாள் பட்டது போதாதா?" கண் நிறைந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

அவளுடைய ஃபோன் அடித்தது. மகள். அவள் எடுத்துப் பார்த்தாள். காதில் வைக்காமல் அவரிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க."

"அம்மா, என்னம்மா ஆச்சு?"

"நான்தாம்மா." நடந்ததைச் சொன்னார். ஆழமாகப் போகாததை முழுசாக வெட்டி எடுத்தது, நாலு தையல், நாலு நாளில் ரிப்போர்ட். கண்ணாடி விவகாரத்தைக்கூடச் சொன்னார். மகள் பெருமூச்சு விடுவது கேட்டது.

"அப்பாடா. நல்லவேளைப்பா. சரி, அம்மாவுக்குத் திரும்பி வர டிக்கெட் எப்பப்பா போடட்டும்?"

'அம்மா இஷ்டம்' என்ற இரண்டு வார்த்தைகளும் பழகின நாய் மாதிரி நாக்கு நுனிக்கு ஓடி வந்தன. தார்க்காரர் வாயை மூடிக்கொண்டார். எதிரில் டோக்கனோடு ஒருவர் நின்று வாட்ச்மேனிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

"டிக்கெட் போடாதம்மா," என்றார்.

"என்னப்பா?"

"அம்மா இங்கயே இருக்கட்டும். உனக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும். பசங்களுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம், நான்கூட வந்து பாத்துக்கறேன்." காது மடல் சுட்டது. டோக்கன்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தது. பார்த்தால் பார்க்கட்டும். "எனக்கு அம்மா வேணும்மா. என்னால தனியா முடியல."

 லைன் போய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அப்பா," என்றாள் மகள். அழுகிறாள் என்று புரிந்தது. "இதைத்தான்பா நாலு வருஷமா கேட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு, ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுதான் கேட்டேன்."

தார்க்காரர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இஷ்டம், அம்மா இஷ்டம் என்று இருநூறு முறை கேட்ட முகம் அது. வந்த ஆட்டோ ஒன்று பக்கத்தில் நின்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டது.  அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.